கொடுக்கிலாத் தேனீயும் குடியிருக்கும் நிலமும்

தேன் என்றால் இனிமை. தேனீ என்றால் கொடுக்கு. இவ்விரண்டையும் பிரித்தெண்ண நாம் பழகவில்லை. இனிமையை நாடுவோன் கொட்டுக்கு அஞ்சலாகாது என்ற எண்ணம் மலையில் தேனெடுப்போர் வாழ்விலிருந்து நம் அன்றாடப் பேச்சு வரையில் ஊறிக் கிடக்கின்றது. ஆனால், கொடுக்கே இல்லாத தேனீ ஒன்றும் நம் நாட்டில் உண்டு. பழைய வீட்டுச் சுவரின் வெடிப்பிலோ, கதவுநிலையின் துளையிலோ, பட்ட மரத்தின் பொந்திலோ மெழுகுக் குழாயொன்று சிறிதே நீண்டிருப்பதையும், அதன் வாயிலில் கொசுவளவேயான கரிய பூச்சிகள் போவதும் வருவதுமாக இருப்பதையும் பலர் கண்டிருப்பர். அதுவே கொசுத்தேனீ.

1854ஆம் ஆண்டில் பிரித்தானிய அரும்பொருட்சாலையிலிருந்த பூச்சிகளை வரிசைப்படுத்தி எழுதிய பிரடெரிக் சிமித் என்பார், இலங்கையிலிருந்து சென்ற கொசுத்தேனீயொன்றைக் கண்டு அதற்கு 'இரிடிபென்னிஸ்' என்று பெயரிட்டார். வானவில்லின் நிறங்காட்டும் சிறகுடையது என்பது அப்பெயரின் பொருள். அதே நூலிலே, அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த இன்னொரு கொடுக்கிலாத் தேனீக்குக் 'கார்பொனேரியா' என்று பெயர் வைத்தார். கரியை ஒத்தது என்பது கருத்து. இன்றைய பூச்சியியலாளர் இவ்விரண்டையும் ரெற்றகொனுலா என்ற ஒரே பேரினத்தில் அடக்குவர். ஆகவே, நம் வீட்டுச் சுவரில் ஒதுங்கி வாழும் சிற்றுயிருக்குச் சிட்னி நகரத்துத் தோட்டங்களிலே நெருங்கிய உறவினர் உண்டு என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த உறவினரைப் பற்றியே இக்கட்டுரை பேசுகின்றது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் அவுஸ்திரேலியாவில் இத்தேனீயைப் பெட்டியில் வைத்து வளர்த்தோர் மிகச் சிலரே. இன்றோ நகரத்தார் வீட்டுத் தோட்டங்களிலும், பாடசாலை வளவுகளிலும், பழத்தோட்டங்களிலும் அதன் பெட்டிகளைக் காணலாம். பல நூறு டொலர் கொடுத்து ஒரு கூட்டை வாங்குகிறார்கள். வாங்க விரும்புவோர் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே: 'எந்தக் கூட்டை வாங்கலாம்?' சந்தையிலே கத்தரிக்காய் தெரிவது போன்ற சிறிய வினாவாக இது தோன்றும். சற்றே ஆழ்ந்து நோக்கினால், நிலத்துக்கும் உயிருக்கும் உள்ள பிணைப்பைப் பற்றிய பெரிய வினாவொன்று அதனுள் இருப்பதைக் காணலாம்.

இனிப்புப் பை

அவுஸ்திரேலியாவுக்கு உரிய தேனீ வகைகள் ஏறத்தாழ 1,700 என்பர். அவற்றுட் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. இராணியும் வேலையாட்களும் சேமிப்பும் உடைய பெருங்குடும்பமாக வாழ்ந்து, கொட்டாமல் தேன் சேர்ப்பவை 11 இனங்கள் மட்டுமே. நாம் பொதுவாகத் தேனீ என்று படங்களிற் காணும் ஐரோப்பியத் தேனீ அந்நாட்டுக்கு உரியதன்று. 1822இற் கப்பலேறிச் சென்று குடியேறியது. அதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, அந்நாட்டின் ஆதிக்குடிகள் கொடுக்கிலாத் தேனீயின் கூட்டைத் தேடிக் காடுகளில் அலைந்தனர். அதன் தேனுக்கு 'இனிப்புப் பை' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரொன்று இன்றும் வழங்குகின்றது. தேனை உண்டார்கள்; மெழுகைக் கோடரியின் கல்லைக் காம்புடன் பிணைக்கவும், டிஜெரிடூ என்னும் நெடிய ஊதுகுழலின் வாய்ப்புறத்தை அமைக்கவும் பயன்படுத்தினார்கள். வடநிலமாகிய ஆர்னம்லாந்தில் பாறைகளின் மேல் இம்மெழுகை ஒட்டி உருவங்கள் சமைத்தார்கள். அம்மக்களின் ஓவியத்திலும் சடங்கிலும் இத்தேனீக்கு உயர்ந்த இடம் உண்டு.

கூட்டின் அமைப்பும் வியப்புக்குரியது. ஐரோப்பியத் தேனீயைப்போல் அறுகோண அறைகளில் தேனைச் சேர்க்கும் வழக்கம் இதற்கில்லை. தன் உடலிற் சுரக்கும் மெழுகையும் மரங்களிலிருந்து கொணரும் பிசினையும் குழைத்து, சிறு திராட்சைக் குலைபோன்ற குடுவைகள் செய்கின்றது. சில குடுவைகளில் தேன், சிலவற்றில் மகரந்தம். நடுவிலே முட்டையறைகள். ஒவ்வோர் அறையிலும் உணவை முழுமையாக நிரப்பி, அதன்மேல் இராணி முட்டையிட்டதும் வாயை மூடிவிடுவர் வேலையாட்கள். பிறக்கப்போகும் குழந்தைக்கு வேண்டிய உணவெல்லாம் பிறப்பதற்கு முன்னரே அளந்து வைக்கப்படுகின்றது. உடல் நீளம் 4 மில்லிமீற்றர் அளவேயான பூச்சி. ஒரு கூட்டிலே பல்லாயிரம் உறுப்பினர். இத்தனை பேர் ஓராண்டு முழுவதும் உழைத்தாலும், வெப்பமான இடங்களிலேகூட மனிதன் எடுத்துக்கொள்ளக் கூடிய தேன் ஏறக்குறைய ஒரு கிலோகிராம்தான். தேன் வணிகத்திற் பொருளீட்ட நினைத்து இக்கூட்டை வாங்குவோர் ஏமாறுவது உறுதி.

தாய் வீட்டை விட்டுப் போகாள்

கூட்டைத் தேர்ந்தெடுக்கும் வினாவுக்கு விடைகாண, இத்தேனீயின் குடும்ப வழக்கமொன்றை முதலில் அறிய வேண்டும்.

ஐரோப்பியத் தேனீயும், நம் நாட்டில் மரப்பொந்துகளில் வாழும் அதன் ஆசிய உறவும் குடி பிரியும்போது, பழைய இராணி ஒரு கூட்டத்தாருடன் புறப்பட்டுப் போகின்றாள். மகள் தாய்வீட்டில் இருந்துவிடுகின்றாள். இடம் பிடிக்காவிட்டால், வெப்பமோ பட்டினியோ எறும்போ வருத்தினால், குடி முழுவதுமே ஒருநாள் பெட்டியை வெறுமையாக்கிவிட்டுப் பறந்துபோவதும் உண்டு. நம் நாட்டுத் தேனீயைப் பெட்டியில் வளர்த்தவர்கள் இந்தத் துயரத்தை நன்கறிவர்.

கொடுக்கிலாத் தேனீயின் வழக்கம் இதற்கு நேர்மாறானது. முட்டையிடத் தொடங்கிய இராணியின் வயிறு பருத்துவிடுகின்றது. பின்னர் அவளாற் பறக்க முடியாது. ஆகவே தாய் ஒருபோதும் வீட்டை விட்டு வெளியேறாள். புதிய குடி அமைவதற்குக் காலம் வந்தால், வேலையாட்கள் அருகிலே ஒரு பொந்தைத் தேடிக் கண்டு, தாய்வீட்டிலிருந்தே மெழுகும் பிசினும் தேனும் மகரந்தமும் சுமந்து சென்று, நாட்கணக்காக, சில வேளை வாரக்கணக்காக அங்கே வீடு சமைக்கின்றனர். வீடு அமைந்து உணவும் சேர்ந்த பின்னரே இளைய இராணி அங்கே குடிபுகுகின்றாள். மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாகக் கொடுத்த பின்னரே தாய் ஆறுதலடையும் யாழ்ப்பாணத்து வழக்கத்தை அறிந்த வாசகர், இச்செய்தியைப் படித்துத் தமக்குள் முறுவலிக்கக்கூடும்.

முறுவலுக்கு அப்பால் இதிலே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இடம் பொருந்தாவிட்டால் மற்றைத் தேனீ எழுந்து போய்விடும். அதன் பறப்பே அது தெரிவிக்கும் மறுப்பு. கொடுக்கிலாத் தேனீக்கோ அந்த மறுப்புக்கும் வழியில்லை. எந்த வெயிலில் வைத்தாலும் அங்கேயே இருக்கும், எந்தக் குளிரில் வைத்தாலும் அங்கேயே இருக்கும், இருந்து அழியும். கொட்டவும் முடியாது, ஓடவும் முடியாது. ஆதலால் அதன் வாழ்வும் சாவும் வாங்குபவன் செய்யும் தேர்விலேயே முற்றாகத் தங்கியுள்ளன. பண்டத்தை வாங்குபவனுக்கு இல்லாத பொறுப்பு இதனை வாங்குபவனுக்கு உண்டு என்று நாம் கூறுவது இதனாலேயே.

தட்பவெப்பம் வகுத்த எல்லை

அவுஸ்திரேலியா ஒரு நாடு மட்டுமன்று, ஒரு கண்டம். வடக்கே மழைக்காடு, நடுவிலே பாலை, தெற்கே உறைபனி. அங்கே விற்பனைக்கு வரும் கூடுகளுள் மூன்று வகை முதன்மையானவை. மூன்றுக்கும் மூன்று வேறு நிலங்கள் உரியன.

முதலாவது, முன்னர்க் கூறிய கார்பொனேரியா. கிழக்குக் கரையோரமாகக் குயீன்ஸ்லாந்திலிருந்து தெற்கே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பீகா என்ற ஊர் வரையில் இயற்கையாகப் பரவியிருக்கின்றது. உலகின் கொடுக்கிலாத் தேனீக்கள் பெரும்பாலும் வெப்பவலயத்துக்கு உரியவை. இதுவோ குளிரை நோக்கித் தெற்கே நெடுந்தூரம் சென்று வாழப் பழகியது. இதன் முட்டையறைகள் சங்கின் புரிபோலச் சுழன்று மேலேறும் ஒரே தளமாக அமைந்திருக்கும். அவற்றைச் சுற்றி மெல்லிய மெழுகுத் தகடுகள் போர்வைபோல் மூடியிருக்கும். சிட்னியில் வாழ்வோர்க்கு ஏற்றது இதுவே.

இரண்டாவது, ஹொக்கிங்ஸி. 1880களில் இத்தேனீக்களைக் கூர்ந்து கவனித்து எழுதிய ஹரல்ட் ஹொக்கிங்ஸ் என்பாரின் பெயரால் 1929இல் இப்பெயர் பெற்றது. குயீன்ஸ்லாந்தும் வடமாநிலமும் இதற்குரிய இடங்கள். வெப்பத்தை விரும்புவது. வெளியே நின்று பார்ப்பவருக்கு இதற்கும் கார்பொனேரியாவுக்கும் வேற்றுமை தோன்றாது. கூட்டைத் திறந்தாற்றான் புலப்படும். இதன் முட்டையறைகள் ஒழுங்கான சுருளாக அமையாமல், படிக்கட்டுகளைத் துண்டு துண்டாக உடைத்து அடுக்கியதுபோல் இருக்கும். வாயிலிலும் ஒரு குறிப்புண்டு. கார்பொனேரியா தன் வாயிலைச் சுற்றிக் கரிய பிசினை அப்பி வைக்கும். ஹொக்கிங்ஸியின் வாயில் பெரும்பாலும் துப்புரவாகக் காணப்படும்.

மூன்றாவது, ஒஸ்ற்றோபிளிபீயா என்னும் வேறொரு பேரினத்தைச் சேர்ந்த ஒஸ்ற்றாலிஸ். மழை குறைந்த உள்நாட்டுக் காடுகளுக்கு உரியது. பூப்பதும் வாடுவதும் மழையின் கருணையைப் பொறுத்துள்ள நிலத்திலே வாழ்வதால், சிக்கனமே இதன் குணம். தேனும் மகரந்தமும் நிறைந்த காலத்திற் சுறுசுறுப்பாகும். வறட்சியில் வீணாகப் பறந்து உயிரை மாய்த்துக்கொள்ளாது. இரவானால் தன் வாயிலில் மெழுகினாற் பின்னிய மெல்லிய திரையொன்றை இட்டு மூடிக்கொள்ளும். சிறிய குடி, மெல்ல வளரும் குடி.

இம்மூன்றினையும் பிரிக்கும் எல்லைக்கோட்டை வரைந்தது எந்த அரசுமன்று. வெப்பநிலையே அதனை வரைந்தது. கார்பொனேரியா வெளியே பறப்பதற்குக் குறைந்தது 18 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்று ரிம் ஹேர்ட் முதலிய ஆய்வாளர் கண்டுள்ளனர். ஒஸ்ற்றாலிஸ் இன்னும் சற்று மிகுதியாக எதிர்பார்க்கும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கும் நமக்கு 18 பாகை என்பது ஒரு பொருட்டன்று. நம் மார்கழிப் பனிக்கால விடியலே அதற்கு மேற்பட்டது. சிட்னியின் குளிர்காலத்திலோ நண்பகலிலும் அந்த அளவை எட்டாத நாட்கள் பல. அந்நாட்களிலெல்லாம் குடி முழுவதும் வீட்டினுள் அடைந்து, கோடையிற் சேர்த்ததை உண்டு காலங்கழிக்க வேண்டும். சேமிப்பு ஒரு வாரம் முந்தித் தீர்ந்தாலும் முடிவு நெருங்கிவிடும். ஆகவேதான் குளிர்ந்த பகுதிகளில் தேனெடுப்பதையே தவிர்க்குமாறு அறிந்தோர் கூறுகின்றனர்.

பீகாவுக்குத் தெற்கே, மெல்பேர்ண் நகரில் என்ன செய்வது? அந்நகரம் அமைந்த விக்டோரியா மாநிலத்திலோ தஸ்மேனியாவிலோ இக்கொடுக்கிலாத் தேனீக்கள் இயற்கையாக வாழவில்லை. ஆயினும் வாங்க விரும்புவோர் அங்கும் உள்ளனர். பெட்டிக்கு மின்சாரத்தால் வெப்பமூட்டி வைத்துப் பார்ப்போரும் உளர். பெட்டியின் உள்ளே வெப்பமூட்டலாம். வெளியே உள்ள வானத்துக்கு யார் வெப்பமூட்டுவது? உள்ளே வெதுவெதுப்பென்று நம்பி வெளியேறும் தேனீ குளிர்காற்றில் விறைத்து விழும். மெல்பேர்ணில் வாழும் ஒருவருக்கு நேர்மையான விற்பனையாளர் சொல்ல வேண்டிய விடை, 'உங்களுக்கு விற்க என்னிடம் கூடு இல்லை' என்பதே. அவருடைய தோட்டத்துக்கு என்றே இயற்கை வைத்துள்ள தனித்தேனீக்கள் பல. மூங்கிற்குழாயையும் துளையிட்ட மரக்கட்டையையும் வைத்து அவற்றை வரவேற்கலாம். அதற்குப் பணமும் வேண்டா.

பெட்டியும் இடமும்

உரிய நிலத்தில் வாழ்பவர் உரிய இனத்தைத் தெரிந்துகொண்டபின், அடுத்துப் பார்க்க வேண்டியது பெட்டி.

இன்று பெரிதும் பரவியுள்ள பெட்டி, மேலே குறித்த ரிம் ஹேர்ட் வகுத்த முறையைத் தழுவியது. கீழும் மேலுமாக இரண்டு அரைப்பெட்டிகள். அவற்றின்மேல் தேனுக்கென ஓர் அறை. குடி நிறைந்தபின் இரண்டு அரைகளையும் பிரித்து, ஒவ்வொன்றுடனும் ஒரு வெற்று அரையைச் சேர்த்தால் ஒரு குடி இரண்டாகும். இராணியில்லாத பாதி தனக்குப் புதிய இராணியைத் தானே ஆக்கிக்கொள்ளும். இவ்வாறு பிரித்துப் பெருக்கிய கூட்டையும், வீடமைக்கவும் தெரு அமைக்கவும் வெட்டி வீழ்த்தப்பட்ட மரத்திலிருந்து மீட்ட கூட்டையும் வாங்கலாம். விற்பதற்கென்றே காட்டில் மரத்தைப் பிளந்து எடுத்ததை வாங்கலாகாது. கூடு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விற்பவர் தெளிவாக விடைகூற வேண்டும்.

பெட்டியின் பலகை தடித்ததாக இருக்க வேண்டும். மரப்பொந்திலே நான்கு புறமும் தடித்த மரம் சூழ வாழ்ந்த உயிரை மெல்லிய பலகைக்குள் அடைத்தால், குளிரும் வெயிலும் நேரே உள்ளே புகும். குளிரைக் காட்டிலும் வெயிலே கொடியது. ஐரோப்பியத் தேனீ வெப்பம் மிகுந்தால் நீர் கொணர்ந்து தெளித்துச் சிறகால் விசிறிக் கூட்டைக் குளிர்விக்கும். கொடுக்கிலாத் தேனீக்கு அத்தகைய ஆற்றல் மிகக் குறைவு. 2020 சனவரி 4ஆந் திகதி சிட்னியின் மேற்கேயுள்ள பென்றித் என்னுமிடத்தில் வெப்பநிலை 48.9 பாகையை எட்டியது. அத்தகைய நாளில் நிழலின்றி நிற்கும் மெல்லிய பெட்டியிலே மெழுகு இளகும், குடுவைகள் சரியும், முட்டையும் புழுவும் மடியும். ஓட வழியற்ற குடியின் கதி அதுவே.

ஆதலாற் காலை வெயில் படுவதும் மாலை வெயில் மறைவதுமான இடமே உகந்தது. அந்நாட்டிற் பெட்டியின் வாயிலை வடக்கு அல்லது வடகிழக்கு நோக்கி வைக்குமாறு சொல்வார்கள். நமக்கு இது புதுமையாகத் தோன்றலாம். நடுக்கோட்டுக்குத் தெற்கே வெகுதூரத்தில் உள்ள நாடாதலால், அங்கே ஞாயிறு வடபுற வானத்திலே செல்கின்றது; குளிர்காலத்து இளவெயில் வடக்கிலிருந்தே வரும். வழிகாட்டும் நூல் எங்கே எழுதப்பட்டது என்று பாராமல் அதன் சொல்லைப் பின்பற்றுவோர் இவ்விடத்தில் இடறுவது எளிது. அறிவுரைக்கும் நிலம் உண்டு.

வாங்குவதற்குமுன் கூட்டை நண்பகலில், வெப்பமான நாளொன்றிற் சென்று பார்க்க வேண்டும். வாயிலிலே காவலர் நிற்கின்றனரா? வருபவை பின்னங்காலில் மகரந்தம் சுமந்து வருகின்றனவா? உள்ளேயுள்ள கழிவைச் சிறு உருண்டைகளாகத் தூக்கிச் சென்று வெளியே எறிகின்றனவா? இவை மூன்றும் நல்ல குடியின் அறிகுறிகள். காவலற்ற வாயிலும், அதைச் சுற்றித் திரியும் சிறு ஈக்களும், உள்ளிருந்து வரும் புளித்த நாற்றமும் அழிவின் அறிகுறிகள். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாற் கனக்க வேண்டும். கனமே சேமிப்பின் சான்று. இளவேனிலிலோ முதுவேனிலின் தொடக்கத்திலோ வாங்கினால், புது இடத்தைப் பழகவும் குளிர்காலத்துக்கு உணவு சேர்க்கவும் குடிக்குக் காலம் கிடைக்கும். கொண்டுசெல்லும்போது இருள் சூழ்ந்து எல்லாம் வீடு திரும்பிய பின்னரே வாயிலை அடைக்க வேண்டும். பெட்டியைச் சரிக்கவோ குலுக்கவோ கூடாது. இவை உணவு தேடிச் செல்லும் தூரம் சுமார் 500 மீற்றர். ஆகையால் அண்மையிலேயே சற்றுத் தள்ளி வைத்தால், வழக்கத்தால் பழைய இடத்துக்கே திரும்பிச் சென்று அங்கே வீட்டைக் காணாமல் மடியும்.

சுமந்து சென்ற போர்

பிறநிலத்துக் கூட்டை வாங்குவதால் அழிவது வாங்கிய கூடு மட்டுமானால், அதனை ஒருவரின் பண நட்டம் என்று விட்டுவிடலாம். அயலிலுள்ள குடிகளுக்கும் அது கேடாகலாம் என்பதே கவலைக்குரியது.

பிரிஸ்பேன் நகரம் கார்பொனேரியாவின் நிலம். அங்கே முன்னர் அரிதாகக் காணப்பட்ட ஹொக்கிங்ஸி அண்மைப் பதிற்றாண்டுகளிற் பெருகியுள்ளது. மனிதர் பெட்டிகளை வடக்கிலிருந்து தெற்கே சுமந்ததும், வெப்பம் உயர்ந்து வருவதும் இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. இரண்டு இனங்களும் அடுத்தடுத்து வாழ நேர்ந்தபோது போர் மூண்டது. போல் கனிங்ஹாம் முதலிய ஆய்வாளர் 2014இல் இதனை ஆராய்ந்து எழுதினர். ஒரு கூட்டின் வேலையாட்கள் பெருந்திரளாக வந்து அயற்கூட்டின் வாயிலைச் சூழ்வர். கொடுக்கில்லாதவர் ஆதலால் தாடையாற் கடித்துக்கொண்டு இருவர் இருவராகப் பிணைந்து நிலத்தில் விழுவர்; பிடியை விடாமலே இருவரும் மடிவர். பெட்டியின் கீழே பிணம் குவியும். வென்றவர் உள்ளே புகுந்து, தோற்றவரின் இளங்குஞ்சுகளை இழுத்து வெளியே எறிந்து, தம் தாயின் மகளையே அங்கு இராணியாக அமர்த்துவர். பரம்பரைச் சோதனைகளால் இது உறுதிசெய்யப்பட்டது. கார்பொனேரியாவின் வீட்டில் ஹொக்கிங்ஸி ஆண்டது.

ஒரே இனத்தார்க்குள்ளும் இப்போர் நிகழ்வதுண்டு; இயற்கையில் இது புதியதன்று. ஆனால், இயற்கை நெடுந்தொலைவிற் பிரித்து வைத்தவற்றை ஒரே வேலியோரத்தில் நிறுத்தியதில் மனிதனுக்கும் பங்குண்டு. தான் வாங்கியது ஒரு பெட்டி என்று அவன் எண்ணினான். ஒரு படையையும் சேர்த்தே வாங்கியிருந்தான். போதிய இடைவெளியின்றிப் பெட்டிகளை நெருக்கி வைத்தலும், புறநிலத்து இனத்தைக் கொணர்தலும் தகா என்று அறிந்தோர் வலியுறுத்துவது இக்காரணம் பற்றியே.

பெருகும் விருப்பம்

இத்தேனீயின்பால் மக்களின் விருப்பம் பெருகியதற்குத் தக்க காரணங்கள் உள. 2022 யூனில், ஐரோப்பியத் தேனீயின் குருதியையும் கொழுப்பையும் உறிஞ்சி அழிக்கும் வரோவா என்னும் உண்ணி நியூகாசில் துறைமுகத்தருகே காணப்பட்டது. ஓராண்டுக்கு மேலாக அதனை ஒழிக்க முயன்ற அவுஸ்திரேலியா, 2023 செப்ரெம்பரில் இனி ஒழிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டது. அந்த உண்ணி கொடுக்கிலாத் தேனீயிற் பற்றி வாழ்வதில்லை. மக்கடேமியா, மா, தர்ப்பூசணி முதலியவற்றின் பூக்களில் மகரந்தச் சேர்க்கை செய்ய இத்தேனீ உதவும் என்பதும் நன்கறியப்பட்டது. இதன் தேனில் ட்ரெஹலுலோஸ் என்னும் அரிய சர்க்கரை மிகுதியாக உண்டு என்று குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2020இல் அறிவித்தமையும் அதன் மதிப்பை உயர்த்தியது.

இதன் வீரத்தைக் கூறவும் ஒரு செய்தி உண்டு. ஆபிரிக்காவிலிருந்து வந்த கூட்டுவண்டு ஒன்று 2002இல் அவுஸ்திரேலியாவிற் கண்டறியப்பட்டது. அது கார்பொனேரியாவின் கூட்டினுள் நுழைந்தால், வேலையாட்கள் அதன் மேலேறி மெழுகும் பிசினும் மண்ணும் குழைத்து உயிரோடு பூசி அடைத்துவிடுகின்றனர். நின்ற இடத்திலேயே வண்டு கல்லறை காண்கின்றது. கொடுக்கில்லாதது வலியற்றது என்று எண்ணுதல் பிழை. தன் நிலத்திலே, தன் கட்டுக்கோப்பிலே நிற்கும்வரை அது தன்னைக் காக்க வல்லது. வெயிலில் இளகிக் குலைந்த கூட்டிலோ, பிரித்தெடுத்துக் குழப்பிய கூட்டிலோ அதே வண்டு புகுந்தாற் சில நாட்களில் எல்லாம் புழுவாகிவிடும். எனவே, பொருந்திய நிலமே அதன் கொடுக்கு எனலாம்.

நமக்கு உரிய பாடம்

நிலத்தையும் அதில் வாழும் உயிரையும் பிரித்து நோக்காத மரபு நம்முடையது. மாவும் மரமும் புள்ளும் இந்நிலத்துக்கு உரியன என்று திணைதோறும் வகுத்து, அவற்றைக் கருப்பொருள் என்று குறித்தனர் நம் முன்னோர். செய்யுளுக்கு மட்டும் உரிய இலக்கணம் என்று நம் வகுப்பறைகளில் அதனைக் கற்றுக் கடந்துவிடுகின்றோம். பீகாவுக்குத் தெற்கே குளிரில் விறைத்து விழும் ஒரு தேனீ, அவ்விலக்கணம் உயிர்களின் நடப்பிலும் பொருந்துவதை உணர்த்துகின்றது.

இன்று சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் மெல்பேர்ணிலும் நம்மவர் பல்லாயிரவர் வாழ்கின்றனர். மனிதன் ஆடை உடுப்பான், தீ மூட்டுவான், மொழி கற்பான். அயல்நிலத்தையும் தன்னிலமாக்கிக்கொள்ள அவனுக்கு வழிகள் பல. தேனீக்கு அவ்வழிகள் இல்லை. தம் தோட்டத்துக்கு ஒரு கூடு வேண்டும் என்று விரும்பும் நம்மவர், விலையையும் பெட்டியின் அழகையும் வினவுமுன், 'இதன் தாய்க்குடி எந்த ஊரில் வாழ்ந்தது?' என்று வினவுவாராக. தம் ஊரிலோ, தம் ஊரின் வெயிலும் பனியும் ஒத்த ஊரிலோ பிறந்தது என்று விடை வந்தால் வாங்கலாம். அல்லவெனில், எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடலே அறிவு.

இங்கிருக்கும் நமக்கும் இவ்வினா பொருந்தும். நம் கொசுத்தேனீயையும் பெட்டியிலும் மண்முட்டியிலும் வளர்க்கலாம் என்ற எண்ணம் பரவி வருகின்றது, நல்ல எண்ணமே. ஆனால் வன்னியின் வறண்ட காட்டிற் பிறந்த குடியை நுவரெலியாவின் பனிக்குக் கொண்டுசெல்ல எண்ணுபவர், சற்றே நின்று சிந்திக்கட்டும். இயலுமானால் ஆசிரியர்கள் தம் மாணவர்க்கு, தத்தம் பாடசாலைச் சுவரிலும் வளவின் மரத்திலும் ஏற்கெனவே குடியிருக்கும் கூட்டைத் தேடிக் காட்டட்டும். அதற்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. இடம் பெயர்க்கவும் வேண்டியதில்லை. சுவரைப் பூசும்போது அந்தச் சிறு துளையை மட்டும் அடைக்காமல் விட்டாற் போதும். அதுவே அக்குடிக்கு நாம் செய்யும் பேருதவி.